கிழிக்கக் கூடாத உறை

வின்ஃபோர்ட் மோரியா மலை பாப்டிஸ்ட் சபையில் முப்பத்தோரு வருடமாக அறிவிப்பு வாசிப்பவன் நான். பெயர் கிளியோபஸ் டார்வர். பிரசங்கத்தில் கண்ணயர்கிறவர்கள்கூட அறிவிப்புக்கு நிமிர்ந்து உட்காருவார்கள். யாருக்கு ஆபரேஷன், யார் வீட்டு முற்றத்தில் சனிக்கிழமை மீன் வறுவல் விருந்து, யார் பேத்தி காலேஜில் சேர்ந்தாள் என்பதெல்லாம் என் வாயிலிருந்துதான் வர வேண்டும். போதகருக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. அதற்கு நான் என்ன செய்ய? சுவாரசியமாகப் பேச வேண்டாமென்று அவரை யாரும் தடுக்கவில்லை.

எனக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு, தபால்தலை சேர்ப்பது. அந்தக் கோடையில் நடந்த களேபரத்துக்கெல்லாம் இந்த இரண்டும்தான் காரணம். அதாவது நான்தான் காரணம். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் தங்கை வெர்டெல் இந்தக் கதையைச் சொன்னால் நான் இன்னும் மோசமாக வருவேன்.

கறுப்பர்களான எங்கள் ஆட்கள் எங்களுக்காக எடுத்த பழைய திரைப்படங்களின் சுவரொட்டிகளைத் தபால்தலையாகப் போடுகிறார்கள் என்று தெரிந்த அன்று நான் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். வெள்ளைக்காரர்களின் தியேட்டரில் நாங்கள் பக்கவாட்டுப் படி ஏறி மாடிக்குப் போக வேண்டியிருந்த காலத்தில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்கென்று ஒரு கொட்டகை இருந்தது. அதன் சுவரில்தான், ஆறு வயதில், என் நிறத்தில் ஒரு முகத்தை ஆள் உயரத்துக்குப் பார்த்தேன். படத்தில் அந்த ஆள் யாருக்கும் தட்டு ஏந்தி நிற்கவில்லை. தொப்பியைச் சரித்துப் போட்டுக்கொண்டு காரிலிருந்து இறங்கினான், இன்னொருவன் கதவைத் திறந்துவிட்டான். அறுபது வருடம் கழித்து அப்படிப்பட்ட முகத்தின் பின்பக்கத்தைத் தடவி உறையில் ஒட்டலாம், அதை நாடு முழுவதும் சுமந்துகொண்டு போவார்கள் என்றால் சாப்பாடு எங்கே ஞாபகம் வரும்?

தபால்தலைகள் வந்ததும் எங்கள் தபால் நிலையத்தில் வரிசை வாசல்வரை நின்றது. சபைக்கே மூத்த தாயான தொண்ணூற்றொரு வயது மதர் பெட்வே ஊன்றுகோலோடு வந்து இரண்டு வகை வாங்கினார். படம் போட்டது ஒரு தாள், கொடி போட்டது ஒரு தாள்.

"இது எதுக்கு மதர்?" என்று கொடியைக் காட்டிக் கேட்டேன்.

"காஸ் கம்பெனிக்குத் தபால்லதானே பணம் அனுப்பணும். அவனுக்குக் கொடி போதும். இந்த அழகான ஆம்பளைய அவன்கிட்ட அனுப்புவேனா?"

இதற்கு முந்தின ஞாயிறுதான் நான் அந்தப் பிரசித்தி பெற்ற அறிவிப்பைச் செய்திருந்தேன். தபால்காரராக முப்பத்துநாலு வருடம் நடந்து ஓய்வு பெற்ற லின்வுட் கெயின்ஸ், சபையில் ஒரு வீடு விடாமல் எல்லாருக்கும் அந்தத் தபால்தலை ஒட்டி, வெளியீட்டு நாள் முத்திரையோடு ஓர் உறை அனுப்பப்போவதாகச் சொல்லியிருந்தார். ஒரே வரியில் வாசித்துவிட்டு இறங்கியிருக்கலாம். நான் பத்து நிமிடம் பேசினேன்.

"கவனமா கேளுங்க. முதல் நாள் முத்திரை விழுந்த உறையைக் கிழிச்சா அது வெறும் காகிதம். கிழிக்காம வெச்சா அது உங்க பேரப்பிள்ளைங்களுக்குச் சொத்து. ஓரத்தைக்கூட பிரிக்காதீங்க. உள்ளே கெட்டியா ஏதோ தட்டுப்படும். ஆசைப்படாதீங்க. உறை மடங்காம இருக்கறதுக்காக வைக்கிற அட்டை அது. அதுல பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

"ஆமென்" என்றார் மதர் பெட்வே. முப்பத்தோரு வருடத்தில் அறிவிப்புக்கு விழுந்த முதல் ஆமென். போதகர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த வாரம் முழுக்க நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

இனி வெர்டெல். அவளுக்கு அறுபத்துநாலு வயது. அவள் கணவர் டீக்கன் ஹோசியா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. நல்ல மனிதர், ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. அதுதான் சிக்கல். அவள் இப்போது கட்டிக்கொள்ளப்போவது லின்வுட்டை, அதாவது இருபத்திரண்டு வருடம் அவள் வீட்டு வாசலுக்குக் கடிதம் கொண்டுவந்தவரை. ஊர் வாய் சும்மா இருக்குமா? "அதான் அந்தத் தெருவுல அவ வீட்டுக்கு மட்டும் தபால் சீக்கிரமா வந்துச்சு" என்று பேசினார்கள். லின்வுட் அத்தனை வருடமும் "வணக்கம் மேடம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்படியொரு கூச்ச சுபாவம்.

எனவே வெர்டெல் முடிவு செய்தாள். சபையில் வேண்டாம், வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் போதும். மேக்கன் நகரில் போதகராக இருக்கும் லின்வுட்டின் சித்தப்பா மகன் வந்து நடத்திவைப்பார். ஆகஸ்ட் பதினாறு, சனிக்கிழமை.

"அறிவிப்புல நாள் சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன்.

"சொன்னா உன் நாக்கை வெட்டிடுவேன். இது மீன் வறுவலா கூவிக் கூப்பிட? யார் வரணுமோ அவங்களுக்குப் பத்திரிகை போகும். வர இஷ்டமிருந்தா வருவாங்க. யார்கிட்டயும் போய் நான் கேக்கமாட்டேன்."

அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. சின்ன வயதில் பசித்தால்கூடச் சமையலறை வாசலில் வந்து நிற்பாளே தவிர, வாய் திறக்கமாட்டாள்.

பத்திரிகைகள் போயின. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பதில் அட்டை. அதில் இரண்டு கட்டங்கள், 'வருகிறேன்', 'வர இயலவில்லை'. ஒன்றில் குறி போட்டு, கூடவே இருக்கிற உறையில் வைத்து ஆகஸ்ட் ஐந்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். நான் பெண்ணைக் கைபிடித்துக் கொடுக்கிற அண்ணன், எனக்கு எதற்குப் பத்திரிகை? என்னிடம் லின்வுட் ஒரு முழுத்தாள் தபால்தலையாகவே தந்துவிட்டதால் எனக்கு உறையும் வரவில்லை.

ஆகஸ்ட் ஐந்து வந்தது, போனது. ஓர் அட்டைகூட வரவில்லை.

லின்வுட் தபால் நிலையத்துக்கே போய் விசாரித்தார். எல்லாம் ஒழுங்காகப் பட்டுவாடா ஆகியிருந்தது. ஊருக்கெல்லாம் கடிதம் சுமந்த மனுஷன், தன் கல்யாணத்துக்கு ஒரு பதில் வராமல் வெர்டெலின் தபால் பெட்டியைத் திறந்து திறந்து மூடினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும், சபையை நினைத்தால் பற்றிக்கொண்டும் வந்தது.

அந்த வாரம் சபைச் சாப்பாட்டில் சிஸ்டர் மேடெல் கிரம்ப், என் காதில் விழுகிற மாதிரி கோழித் தட்டைப் பார்த்துச் சொன்னாள்: "சிலருக்கு ஸ்டாம்பு அனுப்ப மனசு வருது, ஒரு வேளை சோறு போட மனசு வரமாட்டேங்குது."

எனக்கு ரத்தம் கொதித்தது. "சிலருக்குப் பேனா பிடிக்கவே தெரியாது போலிருக்கு. ஒரு கட்டத்துல ஒரு கோடு போட எவ்வளவு நேரம் ஆகும்?" என்றேன்.

மேடெல் என்னைப் பார்த்தாள். "வெயில்ல நிக்காதீங்க பிரதர். தலைக்கு ஏறிடுச்சு" என்று சொல்லிவிட்டு மக்ரோனி பக்கம் போய்விட்டாள்.

வெர்டெலுக்கு மேடெல் வராதது பெரிதில்லை. அவள் எதிர்பார்த்தது ஒரே ஒரு அட்டையை. ஹோசியாவின் அக்கா ஐசோராவின் அட்டையை. நாத்தனார் என்றாலும் இருவரும் நாற்பது வருடமாக ஒட்டிக்கொண்டு இருந்தவர்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் வெர்டெலின் சமையலறையில்தான் ஐசோராவின் தலைக்கு எண்ணெய், சுருள் முடியை நீவி நேராக்க அடுப்பில் காய்ச்சிய சூட்டுச் சீப்பு எல்லாம். பத்திரிகை போன வாரத்திலிருந்து ஐசோரா வரவில்லை. மூன்று சனிக்கிழமைகள் வெர்டெல் அடுப்பருகே நாற்காலியைப் போட்டு வைத்தாள், மத்தியானம் எடுத்துக் கூடத்தில் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். திங்கக்கிழமை லின்வுட்கிட்ட வேண்டாம்னு சொல்லிடுவேன். ஹோசியாவோட ரத்தம் வேண்டாம்னு சொல்ற கல்யாணம் எனக்கு வேண்டாம்" என்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை மதர் பெட்வே வீட்டு ஜன்னல் மின்விசிறி நின்றுபோய்விட்டது என்று கூப்பிட்டனுப்பினார். பள்ளிக்கூடத்தில் தச்சுவேலையும் மின்வேலையும் சொல்லிக்கொடுத்தவன் நான், ஓய்வு பெற்றாலும் ஊர் என்னை விடவில்லை. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு போனேன். கூடத்துச் சுவரில் அவருடைய கல்யாணப் படத்துக்கும் மருமகனின் ராணுவப் படத்துக்கும் நடுவில், கண்ணாடி போட்ட தங்கநிறச் சட்டத்துக்குள், அந்த உறை. சுற்றியும் பிளாஸ்டிக் பூ.

"எப்படி இருக்கு?" என்றார். "நீ சொன்ன மாதிரியே ஓரத்தைக்கூட தொடல. சாக்ஸபோன் வெச்சிருக்கான் பாரு, என் முதல் புருஷன் சாயல்."

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். முகவரி வெர்டெலின் கையெழுத்தில் இருந்தது. 'மதர் பெட்வே அவர்களுக்கும், துணைக்கு வரும் ஒருவருக்கும்' என்று எழுதியிருந்தது.

மறுபடி படித்தேன். சும்மா அனுப்புகிற தபால்தலை உறைக்குத் துணைக்கு ஒருவர் எதற்கு?

"மதர், இந்தத் துணைன்னு போட்டிருக்கே. அது யாருன்னு நினைச்சீங்க?"

"கர்த்தர்தான். வேற யாரு இருக்கா எனக்கு?"

லின்வுட்டுக்கு உடனே போன் செய்தேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். எல்லாருக்கும் உறை அனுப்பத்தானே போகிறோம், பத்திரிகையையும் அதிலேயே வைத்துவிட்டால் என்ன என்று வெர்டெல் கேட்டாளாம். நல்ல யோசனை என்று அவருக்கும் பட்டதாம். எண்பத்தாறு உறைக்கும் முதல் நாளே முத்திரை குத்தி வாங்கினாராம்.

"பாக்கறதுக்கு ஒண்ணுமில்லன்னு நான் ஊருக்கே சொல்லிட்டேன் லின்வுட்."

"நான் அன்னைக்கு சபைக்கு வரல. முட்டி வலி" என்றார் அவர்.

அப்புறம் எல்லாம் எனக்குப் புரிந்தது. வெர்டெல் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறாள் என்று ஊருக்கே தெரியும். அவர்கள் கணக்கில் ஒருவருக்கும் அழைப்பு வரவில்லை. ஸ்டாம்பை மட்டும் அனுப்பிவிட்டுச் சோற்றுக்குக் கூப்பிடாமல் விட்டாளே என்று அவர்கள் மூன்று வாரமாகப் பொருமிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தராவது வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் அழைப்பு வரவில்லையே என்று கேட்பதைவிட மோரியா மலைச் சபையார் பட்டினி கிடப்பார்கள்.

வெர்டெலிடம் ஓடினேன். அவள் நம்பவில்லை.

"எண்பத்தாறு பேரு. ஒருத்தர்கூட பிரிக்கல. என்னைத் தேத்தறதுக்கு வேற நல்ல கதையா சொல்லு கிளியோ."

"சத்தியமா. மதர் பெட்வே பிரேம் போட்டு மாட்டியிருக்காங்க. மேடெல் பைபிள்ல வெச்சிருக்கா. விஷயத்தைச் சொல்லாம போன்ல கேட்டேன்."

"ஐசோரா?"

இங்கேதான் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். "ஐசோராவும்தான். பிரிக்கவே இல்ல" என்றேன். பார்க்காமலே சொன்னேன். அவள் முகம் அப்படியொரு பாடு பட்டுக்கொண்டிருந்தது, என்னால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை.

"அப்படின்னா அதை என் கண்ணுல காட்டு" என்றாள்.

நேரே ஐசோரா வீட்டுக்குப் போனேன். வலைக்கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தாழ்ப்பாளை எடுக்காமலே கேட்டாள்.

"என்ன வேணும் கிளியோபஸ்?"

"அந்த உறை மிஸ் ஐசோரா. வெர்டெல் அனுப்பினது. பிரிச்சீங்களா?"

"என் தபால் என் பாடு" என்று உள்கதவையும் சாத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரம் வந்தது. வெர்டெல் சபைக்கு வரவில்லை. ஐசோரா மூன்றாவது பெஞ்சில் தொப்பி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நோயாளிகள் பட்டியலை வாசித்தேன். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"கடைசியா ஒண்ணு. போன மாசம் ஒரு உறையைப் பத்தி இங்கே நின்னு பேசினேன். உள்ளே பாக்கறதுக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னேன்." தொண்டையைச் செருமினேன். "அதுல என் தங்கச்சி கல்யாணப் பத்திரிகை இருக்கு."

கை விசிறிகள் எல்லாம் அப்படியே நின்றன. பெரிய வெள்ளிக்குக்கூட அப்படி இருந்ததில்லை.

"எல்லாருக்குமா?" என்றாள் மேடெல்.

"எல்லாருக்கும். மூணு வாரமா பதிலுக்குக் காத்திருக்கா. நீங்க யாரும் அவளை மதிக்கலன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. நாளைக்கு எல்லாத்தையும் நிறுத்தப்போறா."

மேடெல் கைப்பையிலிருந்து பைபிளை எடுத்தாள், பைபிளிலிருந்து உறையை எடுத்தாள், காதருகே வைத்து ஆட்டிப்பார்த்தாள். "நான் அவளைப் பத்தி என்னென்னமோ பேசிட்டேனே" என்றாள் மெதுவாக. பின்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள், அது முன்னால்வரை வந்தது. போதகர் தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. முப்பத்தோரு வருடக் கடன் அவருக்கு அன்று தீர்ந்தது. ஐசோரா மட்டும் ஆசீர்வாத ஜெபத்துக்குக்கூட நிற்காமல் எழுந்து போய்விட்டாள்.

அன்று பிற்பகல் வெர்டெலின் வீட்டு முன்னால் கார்கள் தெரு முனைவரை நின்றன. ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடும் உறையோடும் சபை முழுதும் அவள் புல்தரையில் நின்றது. மதர் பெட்வே சட்டத்தோடேயே கொண்டுவந்திருந்தார். லின்வுட் எங்கிருந்தோ வேகமாக வந்து, கூட்டத்தைப் பார்த்ததும் வேலியோரமாக ஒதுங்கிக்கொண்டார்.

வெர்டெல் வீட்டு உடையில், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். ஒவ்வொரு உறையாகப் பார்த்தாள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"இப்பவாவது கிழிச்சுப் படிங்க" என்றேன் நான்.

"உன் பேச்சை இனிமே யாரு கேக்கறது?" என்றார் மதர் பெட்வே. "நான் பிரேமுக்குக் காசு கொடுத்திருக்கேன். கிழிக்கமாட்டேன். உள்ளே என்ன எழுதியிருக்குன்னு நீயே சொல்லிடும்மா வெர்டெல்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வராந்தாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். யாரிடமும் எதையும் கேட்காதவள்.

"வர்ற சனிக்கிழமை" என்றாள். "ரெண்டு மணிக்கு. பின்னாடி தோட்டத்துல. நானும் லின்வுட்டும்." கம்பத்திலிருந்து கையை எடுத்தாள். "நீங்க எல்லாரும் வரணும். வந்தா எனக்குச் சந்தோஷமா இருக்கும்."

"சாப்பாடு என்ன?" என்றாள் மேடெல். கூட்டம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. பீச் காப்ளர் என்கிற பழ இனிப்பை யார் செய்வது என்று இருவருக்குள் சண்டையே வந்துவிட்டது. வெர்டெலின் கண் மட்டும் தலைகளுக்கு மேலே தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஐசோரா நடந்து வந்தாள். கூட்டம் தானாக வழிவிட்டது. அவள் கையிலிருந்த உறையின் மேல்பக்கம் கத்தியால் நேராக அறுக்கப்பட்டிருந்தது. வெர்டெல் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் என் காலணியைப் பார்த்தேன்.

"பிரிக்கலன்னு கிளியோ சொன்னானே" என்றாள் வெர்டெல்.

"கிளியோ சொன்னதைக் கேட்டதாலதான் இந்த ஊரே இங்க நிக்குது." ஐசோரா படியருகே வந்து நின்றாள். "எனக்கு ஸ்டாம்பெல்லாம் ஒண்ணும் தெரியாது. வந்த அன்னைக்கே பிரிச்சேன். என் தம்பி பேரு இருக்கிற இடத்துல வேற பேரு இருந்துச்சு. அப்பவே பேனாவை எடுத்து வரமாட்டேன்னு குறி போட்டுட்டேன். உறையில வெச்சு ஒட்டியும் வெச்சுட்டேன்."

"ஆனா வரலையே" என்றாள் வெர்டெல்.

"மேஜை மேலயே கிடந்துச்சு. தினமும் தபால் வண்டி வாசல்ல வந்து நிக்கும். இன்னைக்குக் கொடுத்துடலாம்னு எழுந்திருப்பேன். மறுபடி உக்காந்துடுவேன்." அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "தலைய வேற ஒருத்திகிட்ட காட்டினேன். காதைச் சுட்டுட்டா."

வெர்டெல் ஒரு படி இறங்கினாள்.

"நீ வராம நான் பண்ணிக்கமாட்டேன் ஐசோரா. இது ஹோசியாவை மறந்துட்டுப் பண்றது இல்ல. நீ வரணும். கேக்கறேன்."

ஐசோரா வேலியோரம் நின்ற லின்வுட்டைப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வார்த்தை வராமல் தலையை மட்டும் ஆட்டினார். அவள் அவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கைப்பைக்குள்ளிருந்து அந்த ஒட்டிய பதில் உறையை எடுத்து வெர்டெலிடம் நீட்டினாள்.

"வேற அட்டை ஒண்ணு இருக்கா வெர்டெல்? இதுல தப்பான கட்டத்துல குறி போட்டுட்டேன்."

வெர்டெல் உள்ளே போய் ஓர் அட்டையும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தாள்.